செட்டிகுளம்: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

வன்னி நாட்டில் ஊரின் பெயரும் குளத்தின் பெயரும் பெரும்பாலும் ஒன்றே. தமிழகத்தார் ஏரியென்றும் கண்மாயென்றும் வழங்குவதை ஈண்டுக் குளமென்பர்; குளக்கட்டு, துருசு, வான், வயல்வெளி, குடிமனை யாவும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். இக்குளப்பெயர்களுட் பல மரங்களால் வந்தவை. புளியங்குளம், மருதங்குளம், பூவரசங்குளம் என்பன காண்க. வவுனியா மாவட்டத்தின் மேற்பாலுள்ள செட்டிகுளமோ மரத்தை விடுத்து மாந்தரைச் சுட்டுகின்றது. காடு சூழ்ந்த உழவூரொன்று வணிகன் பெயரைத் தாங்கியது எங்ஙனம்?

செட்டி என்பதைச் சாதிப்பெயராக மட்டும் கொள்வது பொருந்தாது. வடமொழிச் சிரேட்டி என்னுஞ் சொல்லோடு உறவுடைய இது, பழைய வழக்கிற் செல்வமும் மதிப்பும் வாய்ந்த வணிகனைக் குறித்தது. அத்தகையோர் இப்பகுதிக்குப் புதியவருமல்லர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திற் காணப்படும் கிறித்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டு, விசாகன் என்னும் தமிழ் வணிகனைப் பெயர் கூறிக் குறிக்கின்றது. செட்டிகுளத்தின் கிடக்கையும் கருதத்தக்கது. மாந்தைத் துறைமுகத்தையும் அநுராதபுரத்தையும் இணைக்கும் இயற்கை வழி அருவியாற்றுப் பள்ளத்தாக்கு. அதன் மருங்கில் இவ்வூர் அமைந்துள்ளது. பொதிமாடுகளோடு செல்லும் வணிகர்க்கு நீரும் தங்குமிடமும் இன்றியமையாதன. பிற்காலத்தில், 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கணத்தார் பதவியாவிலும் வாகல்கடையிலும் தமிழ்க் கல்வெட்டுக்களைப் பொறித்துச் சென்றனர். எனவே, வணிகன் ஒருவன் குளந்தொட்டான் என்பதில் வியப்பில்லை.

அவன் மதுரைப் பக்கமிருந்து வந்த வீரநாராயணச் செட்டி என்பது மரபுரை. மரபுரை கல்வெட்டாகாது, ஆயினும் பெயரும் வழியும் அதனோடு முரணவில்லை. வெண்கலச் செட்டிகுளம் என்னும் நீண்ட வழக்கு இன்றும் பிரதேச செயலகத்தின் பெயரில் நின்று நிலவுகின்றது. வெண்கலப் பாண்டம் விற்ற செட்டி எனப் பொருளுரைப்பது எளிது. அத்துணை எளிதாயிருப்பதே ஐயத்திற்கு இடந்தருகின்றது. ஊர்ப்பெயர்க்குப் பிற்காலத்தார் கட்டிய விளக்கக் கதைகள் ஈழத்தில் மிகப்பல. செட்டிகுளம் என்னும் பெயர் தமிழகத்துப் பெரம்பலூர்ப் பகுதியிலும் குமரி நாட்டிலும் உண்டு. ஆதலின், இப்பெயரைக் குடியேறினோர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்தனர் என்பாரும் இருக்கலாம். ஆனால் வணிகன் பெயராற் குளம் அழைக்கப்படுதல் தமிழர் வாழிடம் எங்கும் இயல்பே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனக் கூறவேண்டுவதில்லை.

ஆங்கிலேயராட்சியில் நடுச்செட்டிகுளம், சின்னச்செட்டிகுளம் எனப் பற்றுக்களுக்கே இப்பெயர் வழங்கிற்று. ஒரு குளத்தின் பெயர் நாட்டுப் பிரிவின் பெயராயிற்று.

2009ஆம் ஆண்டு போரின் முடிவில், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்ட வன்னி மக்கள் அடைபட்டிருந்தனர். அதன் பிரிவுகளுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்போர் பெயர்கள் இடப்பட்டன. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட, அப்பெயர்களும் உடன் நீங்கின. 1990இல் நின்ற மன்னார்ப் புகையிரதம் 2013 மே மாதம் மடு வீதிவரை மீண்டும் ஓடத் தொடங்கியபோது, இடைநிலையத்திற்குப் பழைய பெயரே வழங்கிற்று.