அயர்ன் மெய்டனின் இசைத்தொகுப்புகள்

அயர்ன் மெய்டன் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழு ஆகும். பேஸ் கித்தார் கலைஞரான ஸ்டீவ் ஹாரிஸ் இக்குழுவை 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்கு இலண்டனின் லெய்ட்டன் பகுதியில் தொடங்கினார். 1980 முதல் 2021 வரை இக்குழு 17 ஸ்டூடியோ இசைத்தொகுப்புகளை வெளியிட்டுள்ளது. அவற்றுள் ஐந்து, பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடத்தைப் பெற்றன.

இத்தொகுப்புகள் பொதுவாக 1980-களின் "பொற்காலம்" என்றும் அதற்குப் பிற்பட்டவை என்றும் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. எனினும், வெளிவந்த வரிசையில் கேட்கும்போது, 2000-க்குப் பிந்தைய நீண்ட பாடல்களின் அமைப்பு 1995-இல் அதிகம் வரவேற்கப்படாத ஒரு தொகுப்பிலேயே உருப்பெற்றிருப்பதைக் காணலாம்.

இசையின் அடிப்படைக் கூறுகள்

ஹெவி மெட்டல் இசை உரத்த ஒலிக்கும் கடுமையான தாளத்திற்கும் பெயர்பெற்றது. அயர்ன் மெய்டனின் இசையில் இவற்றுக்கு இணையாக மெட்டும் முதன்மை பெறுகிறது. இதற்கு மூன்று கூறுகள் அடிப்படையாக உள்ளன.

முதலாவது, இரட்டைக் கித்தார் இசை. இரு கித்தார் கலைஞர்கள் ஒரே மெட்டை, சில சுரங்கள் இடைவெளி விட்டு ஒரே நேரத்தில் இசைப்பர். ஒருவர் "ச" வாசிக்கும்போது மற்றவர் "க" வாசிப்பதைப் போன்றது இது. இம்முறையில் விஷ்போன் ஆஷ், தின் லிசி ஆகிய முந்தைய ராக் குழுக்களின் தாக்கம் உண்டு.

இரண்டாவது, "குதிரைப் பாய்ச்சல்" எனப்படும் தாள அமைப்பு. ஒரு நீண்ட ஒலியைத் தொடர்ந்து இரு குறுகிய ஒலிகள் வரும். இது இடைவிடாது திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஹாரிஸ் இதனைப் பேஸ் கித்தாரில் விரல்களாலேயே மீட்டுகிறார். கிரிமியப் போரில் 1854-இல் நடந்த பாலக்ளாவா குதிரைப்படைத் தாக்குதலைக் கூறும் "தி ட்ரூப்பர்" பாடல் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

மூன்றாவது, கதை கூறும் பாடல்கள். வரலாறு, புதினம், திரைப்படம், நாட்டார் நம்பிக்கை முதலியவற்றிலிருந்து இவற்றின் பொருள் எடுக்கப்படுகிறது.

தொடக்க காலம் (1980–1981)

முதல் தொகுப்பான "அயர்ன் மெய்டன்" 1980 ஏப்ரலில் வெளியானது. பாடகர் பால் டியானோவின் கரடுமுரடான குரலால் இதில் பங்க் இசையின் சாயல் தென்படுகிறது. ஆயினும் ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் "ஃபாண்டம் ஆஃப் தி ஓப்பரா" பல பகுதிகளைக் கொண்டது. நீண்ட பாடல்கள் மீதான ஹாரிசின் நாட்டம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஒலிப்பதிவின் தரம் ஹாரிசுக்கு நிறைவளிக்கவில்லை. எனவே 1981-இல் வந்த "கில்லர்ஸ்" தொகுப்பிற்கு, டீப் பர்ப்பிள் குழுவுடன் பணியாற்றிய மார்ட்டின் பர்ச் தயாரிப்பாளரானார். 1992 வரை தொடர்ந்து எட்டு ஸ்டூடியோ தொகுப்புகளை அவரே தயாரித்தார். கித்தார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் "கில்லர்ஸ்" தொகுப்பிலேயே முதன்முதலாக இடம்பெற்றார். டேவ் மர்ரேயுடன் அவர் அமைத்த இரட்டைக் கித்தார் இணை இக்குழுவின் அடையாளமாயிற்று.

வளர்ச்சியும் உச்சமும் (1982–1988)

1981-இல் டியானோ விலக, சாம்சன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் இணைந்தார். உச்சத்தாயியில் நீண்டு ஒலிக்கும் அவரது குரல், ஹாரிசின் நாடகத் தன்மை வாய்ந்த பாடல்களுக்குப் பொருந்தியது. 1982-இல் வெளிவந்த "தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்" பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. தூக்குமேடைக்குச் செல்லவிருக்கும் கைதியின் இறுதி நேரத்தைச் சொல்லும் "ஹாலோட் பி தை நேம்" இதன் நிறைவுப் பாடலாகும். தொகுப்பின் தலைப்பைச் சாத்தான் வழிபாடாகக் கருதி, அமெரிக்காவில் சில சமயக் குழுவினர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

"பீஸ் ஆஃப் மைண்ட்" (1983) தொகுப்பில் டிரம்ஸ் கலைஞர் நிக்கோ மெக்பிரெய்ன் இணைந்தார். அடுத்து வந்த "பவர்ஸ்லேவ்" (1984), கவிஞர் கோல்ரிட்ஜின் புகழ்பெற்ற கடற்பயணக் கவிதையை அடிப்படையாகக் கொண்ட, 13 நிமிடங்களுக்கு மேற்பட்ட பாடலுடன் நிறைவடைகிறது. இப்பாடலின் நடுவே தாளம் முற்றிலும் அடங்கி, பேஸ் கித்தாரின் மென்மையான ஒலி மட்டும் மேலெழுகிறது. இந்த உத்தி பிற்காலத் தொகுப்புகளில் பெரிதும் விரிவடைந்தது.

இதனையடுத்து ஏறத்தாழ 11 மாதங்கள் நீடித்த உலகச் சுற்றுப்பயணம் குழுவினரைக் களைப்படையச் செய்தது. 1986-இல் வந்த "சம்வேர் இன் டைம்" தொகுப்பில் டிக்கின்சன் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. "வேஸ்டட் இயர்ஸ்" உள்ளிட்ட பாடல்களை எழுதிய ஸ்மித்தின் பங்கு இதில் மிகுந்தது. கித்தார் சிந்தசைசரும் இதில் பயன்படுத்தப்பட்டது.

ஏழாவது மகனுக்குப் பிறக்கும் ஏழாவது மகன் அரிய ஆற்றல்களைப் பெறுவான் என்னும் நாட்டார் நம்பிக்கையை ஒட்டி அமைந்தது "செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்" (1988). விசைப்பலகை இசை சேர்க்கப்பட்ட இத்தொகுப்பும் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.

எளிமையை நோக்கிய திருப்பம் (1990–1992)

1990-இல் ஸ்மித் விலகினார். ஜானிக் கெர்ஸ் அவரது இடத்திற்கு வந்தார். "நோ பிரேயர் ஃபார் தி டையிங்" ஹாரிசின் இல்லத்துக் களஞ்சியக் கட்டடத்தில், நடமாடும் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. நீண்ட பாடல்கள் இதில் தவிர்க்கப்பட்டன. இதிலுள்ள "பிரிங் யுவர் டாட்டர் டு தி ஸ்லாட்டர்" 1991 சனவரியில் பிரித்தானியத் தனிப்பாடல் வரிசையில் முதலிடம் பெற்றபோதும், தொகுப்பு முழுமையாக நோக்கும்போது முந்தையவற்றின் தரத்தை எட்டவில்லை என்பது பரவலான கருத்து.

1992-இல் வந்த "ஃபியர் ஆஃப் தி டார்க்" ஏற்ற இறக்கங்கள் கொண்ட தொகுப்பாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதன் தலைப்புப் பாடல் மேடைகளில் நிலைபெற்றுவிட்டது. அப்பாடலின் கித்தார் மெட்டைச் சொற்களின்றி இரசிகர்களே சேர்ந்து பாடுவது வழக்கம். 1993-இல் டிக்கின்சனும் குழுவிலிருந்து விலகினார்.

பிளேஸ் பெய்லி காலம் (1994–1999)

வுல்ஃப்ஸ்பேன் குழுவிலிருந்து வந்த பிளேஸ் பெய்லி, டிக்கின்சனைவிடத் தாழ்ந்த சுருதியில் பாடும் கனமான குரல் உடையவர். பழைய பாடல்கள் டிக்கின்சனின் உச்சத்தாயிக்கு ஏற்ப அமைந்தவை. எனவே மேடையில் அவற்றைப் பாடுவது பெய்லிக்குக் கடினமாயிற்று. அவரது குறையாகச் சொல்லப்பட்டவற்றுள் கணிசமானவை, குரலுக்கும் பாடலின் சுருதிக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையால் நேர்ந்தவை எனலாம்.

"தி எக்ஸ் ஃபேக்டர்" (1995) பிரித்தானியாவில் 8-ஆம் இடத்தையும், "வர்ச்சுவல் XI" (1998) 16-ஆம் இடத்தையும் பெற்றன. முன்னது, ஹாரிசின் மணமுறிவுக் காலத்தில் உருவானது. போர், குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை ஆகியவற்றைப் பேசும் இருண்ட தொகுப்பு. அதன் முதல் பாடலான "சைன் ஆஃப் தி கிராஸ்" 11 நிமிடம் நீள்கிறது. மெல்லத் தொடங்கி, படிப்படியாக வலுவடைந்து, பல பகுதிகளைக் கடந்து, மீண்டும் அடங்குகிறது. 2000-க்குப் பின் இக்குழுவின் நீண்ட பாடல்கள் பெரும்பாலும் இதே வடிவில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

"வர்ச்சுவல் XI" தொகுப்பிலுள்ள "தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்" பல்லவியை அளவுக்கு மீறித் திரும்பச் சொல்வதாக விமர்சிக்கப்பட்டது. அதே தொகுப்பின் "தி கிளான்ஸ்மேன்" நல்ல வரவேற்பைப் பெற்றது. இப்பாடலையும் "சைன் ஆஃப் தி கிராஸ்" பாடலையும் டிக்கின்சன் பின்னாளில் மேடையில் பாடினார். 2002-இல் வெளியான "ராக் இன் ரியோ" நேரடி நிகழ்ச்சித் தொகுப்பில் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. பெய்லி காலப் பாடல்கள் மறுமதிப்பீடு பெற இது உதவியது.

மூன்று கித்தார்களின் காலம் (1999 முதல்)

1999-இல் டிக்கின்சனும் ஸ்மித்தும் திரும்பினர். கெர்ஸ் விலக்கப்படாததால் குழுவில் மூன்று கித்தார் கலைஞர்கள் அமைந்தனர். பாரிசில் பதிவான "பிரேவ் நியூ வேர்ல்ட்" (2000) முதல், கெவின் ஷெர்லி தயாரிப்புப் பொறுப்பில் பங்கேற்றார். கலைஞர்கள் ஒன்றாக நின்று நேரடியாக இசைக்கும் முறையில் பதிவுகள் செய்யப்பட்டன.

"டான்ஸ் ஆஃப் டெத்" (2003) தொகுப்பிலுள்ள "பாஷன்டேல்", 1917-ஆம் ஆண்டின் முதல் உலகப் போர்க்களத்தைச் சித்திரிக்கிறது. "எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்" (2006), மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பு இன்றியே வெளியிடப்பட்டது. அவ்வாண்டு நிகழ்ச்சிகளில் இத்தொகுப்பு முழுமையாக இசைக்கப்பட்டது. இச்சுற்றுப்பயணத்தின் தொடர்ச்சியாக 2007 மார்ச்சில் பெங்களூரில் இக்குழுவின் முதல் இந்திய நிகழ்ச்சி நடைபெற்றது.

"தி ஃபைனல் ஃபிரான்டியர்" (2010) தொகுப்பின் "எல் டொராடோ" பாடல் குழுவிற்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. "தி புக் ஆஃப் சோல்ஸ்" (2015) குழுவின் முதல் இரட்டை ஸ்டூடியோ தொகுப்பாகும். பதிவு முடிந்த நிலையில் டிக்கின்சனுக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டதால், சிகிச்சைக்குப் பின்னரே வெளியானது. 1930-இல் பிரான்சில் விழுந்து நொறுங்கி 48 பேர் உயிரிழக்கக் காரணமான ஆர்101 வான்கப்பலைப் பற்றிய "எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்" 18 நிமிடங்கள் நீள்கிறது. 2019-இல் பதிவான "சென்ஜுட்சு" 2021 செப்டம்பரில் வெளிவந்தது.

இக்காலத் தொகுப்புகளின் முன்னிசை நீளமானது என்பதும், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் வழக்கமான குறைகூறல்கள். பாடலை விரிவாக வளர்த்தெடுக்கும் முறையே இவற்றின் வலிமை என்பது மற்றொரு தரப்பாரின் கருத்தாகும்.

மறுவெளியீடுகளும் மேடையும்

1998-இல் அதுவரையிலான தொகுப்புகள் சீரமைக்கப்பட்டுக் குறுந்தகடுகளாக மறுவெளியீடு செய்யப்பட்டன. 2018–2019-இல் ஸ்டூடியோ தொகுப்புகள் மீண்டும் வரிசையாக வெளிவந்தன. இதனால் கிடைப்பதற்கு அரிதான தொகுப்பு என்று எதுவும் இல்லாமற் போயிற்று. மேடையில் நிலைமை வேறு. 2008 பிப்ரவரியில் மும்பையில் தொடங்கிய சுற்றுப்பயணம் 1980-களின் பாடல்களை முதன்மைப்படுத்தியது. 2025-இல் தொடங்கிய சுற்றுப்பயணம், 1980 முதல் 1992 வரையிலான முதல் ஒன்பது தொகுப்புகளுக்கே உரியதாக அறிவிக்கப்பட்டது. மெக்பிரெய்ன் 2024 டிசம்பரில் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றதால், சைமன் டாசன் இதில் டிரம்ஸ் இசைத்தார்.

இவ்வாறு, எட்டுத் தொகுப்புகள் அச்சுற்றுப்பயணத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. இக்குழுவின் பிற்கால இசையை அறிய மேடை நிகழ்ச்சிகள் மட்டும் போதா. தொகுப்புகளையே வரிசையாகக் கேட்க வேண்டியுள்ளது.

ஸ்டூடியோ தொகுப்புகளின் பட்டியல்

அடைப்புக்குறியில் உள்ளவை வெளியான ஆண்டும் பிரித்தானிய விற்பனை வரிசையில் பெற்ற இடமும் ஆகும்.

பாடகர் பால் டியானோ
* அயர்ன் மெய்டன் (1980, 4)
* கில்லர்ஸ் (1981, 12)

பாடகர் புரூஸ் டிக்கின்சன்
* தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட் (1982, 1)
* பீஸ் ஆஃப் மைண்ட் (1983, 3)
* பவர்ஸ்லேவ் (1984, 2)
* சம்வேர் இன் டைம் (1986, 3)
* செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன் (1988, 1)
* நோ பிரேயர் ஃபார் தி டையிங் (1990, 2)
* ஃபியர் ஆஃப் தி டார்க் (1992, 1)

பாடகர் பிளேஸ் பெய்லி
* தி எக்ஸ் ஃபேக்டர் (1995, 8)
* வர்ச்சுவல் XI (1998, 16)

பாடகர் புரூஸ் டிக்கின்சன் (மீண்டும்)
* பிரேவ் நியூ வேர்ல்ட் (2000, 7)
* டான்ஸ் ஆஃப் டெத் (2003, 2)
* எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத் (2006, 4)
* தி ஃபைனல் ஃபிரான்டியர் (2010, 1)
* தி புக் ஆஃப் சோல்ஸ் (2015, 1)
* சென்ஜுட்சு (2021, 2)