வீடு தெரியும், மலை தெரியாது

போடிநாயக்கனூரை விட்டு முந்தலைத் தாண்டியதும் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலை மலையேறத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் கழியக் கழிய, மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் கீழே பச்சைத் திட்டுகளாகச் சுருங்குகின்றன. காது அடைக்கிறது. போடிமெட்டை எட்டும்போது நாம் போடி ஊரைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். அதற்கு அப்பால் ஏலமலை.

இந்த அழகைப் பார்க்கிறவருக்கு அதை மேலிருந்து படம் பிடிக்கத் தோன்றுவது இயல்பு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஹெலிகாப்டர் வைத்து எடுத்த காட்சியை, இன்று 250 கிராமுக்கும் குறைவான டிரோன் எடுத்துத் தருகிறது. அதை வாங்கும்போது கடைக்காரர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "பயமே வேண்டாம் சார், சிக்னல் போனாலும் தானாக வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்." ரிட்டர்ன் டு ஹோம் என்னும் அந்த வசதி உண்மையிலேயே அருமையான கண்டுபிடிப்பு. சமவெளியில், திறந்த மைதானத்தில், அந்த வாக்கியம் ஏறக்குறைய சரியும்கூட. மலைச்சரிவில் அதை அப்படியே நம்பக் கூடாது. தான் கிளம்பிய புள்ளி டிரோனுக்குத் தெரியும். அந்தப் புள்ளிக்கும் தனக்கும் நடுவே ஒரு மலை நிற்பது அதற்குத் தெரியாது.

வானத்தில் பாதி மறைந்தால்

டிரோன் தன் இடத்தை அறிவது ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கொண்டு. அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து அந்த அறிவிப்பு டிரோனை வந்தடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். நான்கு கோள்களின் தூரம் கிடைத்தால் இருக்கும் இடம் புலப்படும். நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு நுட்பமான வேலை இது.

நான்கு கோள்கள் என்பது குறைந்தபட்சத் தேவைதான். அவை வானத்தின் எல்லாத் திசைகளிலும் பரவியிருந்தால்தான் கணக்கு துல்லியமாக அமையும். போடியை அடுத்த குரங்கணி போன்ற மலைப்பகுதியில், செங்குத்தான சரிவை ஒட்டி நின்றால் வானத்தில் ஒரு பாதியை மலையே மறைத்துவிடுகிறது. மிச்சமுள்ள கோள்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருக்கும். போதாததற்கு, சில சமிக்ஞைகள் பாறையில் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் தாமதமாக வந்து சேரும். டிரோன் அந்தத் தாமதத்தைத் தூரம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ கோள்களையும் சேர்த்துக் கேட்கும் டிரோன்களுக்கு இந்தச் சிக்கல் குறைகிறது. ஆனால் தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே முதல் பாடம் பொறுமை. டிரோனை இயக்கியதும் கிளப்பிவிடாமல், திரையில் கோள்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்டும்வரை, "ஹோம் பாயிண்ட் பதிவானது" என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பினால், கோள்கள் போதுமான அளவு கிடைக்கும் தருணத்தில் டிரோன் எங்கே பறந்துகொண்டிருக்கிறதோ, அந்த இடத்தையே வீடு என்று பதிந்துகொள்ளக்கூடும். அது பள்ளத்தாக்கின் நடுவாக இருந்தால், திரும்பி வந்து இறங்குவதும் அங்கேதான்.

இன்னொன்று: டிரோன் எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைத் திசைகாட்டிதான் சொல்ல வேண்டும். சாலையோர இரும்புத் தடுப்பின் அருகிலோ, காரின் பானெட் மேலோ, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலோ வைத்துக் கிளப்பினால் அந்தத் திசைகாட்டி தடுமாறும். டிரோன் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடித்து நழுவும். இரும்பை விட்டு விலகிய மண்தரையே நல்லது.

இரண்டு பூஜ்யங்கள்

திரையில் தெரியும் உயரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது? மலையில் பறக்கவிடுபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதன்மையான கேள்வி இது. பெரும்பாலான டிரோன்கள் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கின்றன. கிளம்பிய இடம்தான் அவற்றுக்குப் பூஜ்யம். கீழே நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது.

போடிமெட்டுக் காட்சிமுனையில் கிளப்பி, 30 மீட்டர் ஏற்றி, கிழக்கே பள்ளத்தாக்கை நோக்கிச் செலுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 30 என்றே நிற்கும். ஆனால் கீழே நிலம் சரசரவென்று இறங்கிவிடும். சற்றுத் தூரத்திலேயே டிரோன் தரையிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இருக்கும். இந்தியாவின் டிரோன் விதிகள், 2021-இன்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் என்பது தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான். விதி எண்ணுவது டிரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து. திரை எண்ணுவது நம் காலடியிலிருந்து. இந்த இரண்டு பூஜ்யங்களையும் ஒன்றென நினைத்தால், தெரியாமலே விதியை மீறிவிடுவோம்.

எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆபத்து வேறு. 30 பாகை சரிவில், கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் நிலம் சுமார் 58 மீட்டர் ஏறிவிடும். திரையில் 60 மீட்டர் என்று பார்த்து நிம்மதியாக இருப்போம். டிரோனோ நிழல்மரங்களின் கிளைக்குள் புகுந்திருக்கும். ஏலச்செடி ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான் வளரும். அதற்கு நிழல் தரும் மரங்கள் அதைப்போலப் பல மடங்கு உயரம்.

நேர்கோட்டில் திரும்பும்

திரும்பும் பொத்தானை அழுத்தினாலோ, ரிமோட்டின் தொடர்பு அறுந்தாலோ, பேட்டரி குறைந்தாலோ டிரோன் வழக்கமாகச் செய்வது இதுதான்: முன்பே குறித்த உயரத்துக்கு ஏறும், வீட்டை நோக்கி நேர்கோட்டில் பறக்கும், மேலே வந்ததும் இறங்கும். நாம் ஒரு மலைமுகட்டைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோயிருந்தாலும் அது வளைந்து திரும்பாது. முகட்டுக்குப் பின்னால் போனதும் ரிமோட்டின் அலையை மலை மறைக்கும், தொடர்பு அறும், நேர்கோடு முகட்டின் ஊடாகவே போகும். சில புதிய டிரோன்கள் வந்த வழியே கொஞ்ச தூரம் பின்வாங்கிப் பார்க்கும். தடை உணரும் கண்கள் கொண்டவையும் உண்டு. ஆனால் பள்ளத்தின் குறுக்கே போகும் மின்கம்பியும் இலையுதிர்ந்த மெல்லிய கிளையும் அந்தக் கண்களுக்குத் தப்பிவிடும். மஞ்சு இறங்கினால் எதுவுமே தெரியாது.

கிளப்பும் முன் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். பறக்கப்போகும் பரப்பில் மிக உயரமான மரம், கம்பி, முகடு எது? திரும்பும் உயரத்தை அதற்கு மேல் தாராளமாக வையுங்கள். 120 மீட்டர் வரம்புக்குள் அந்த உயரம் அடங்கவில்லை என்றால், அந்த முகட்டுக்குப் பின்னால் போகவே கூடாது. டிரோன் கண்ணிலிருந்து மறையாதவரை இந்தத் தொல்லை வராது.

போகும்போது இரண்டு நிமிடம்

மலையில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பெயர்பெற்ற கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் போடி மலையிலும் காற்று மேற்கிலிருந்து தள்ளும்.

மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் டிரோனை எடுத்துக்கொள்வோம். காற்று நொடிக்கு 7 மீட்டர். மெட்டிலிருந்து கிழக்கே அனுப்பினால் காற்றும் சேர்ந்து தள்ள, நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் 2 கிலோமீட்டரை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். திரும்பும்போது எதிர்காற்று. மிஞ்சுவது நொடிக்கு 3 மீட்டர். அதே தூரத்துக்குப் பதினொரு நிமிடம். போகும்போது பேட்டரி நிறைய இருந்ததே என்று நினைப்பவருக்குத் திரும்பும் வழியில் அது போதாமல் போகும். தானாகத் திரும்பும்போது டிரோன் முதலில் மேலே ஏறுகிறது. அங்கே காற்று இன்னும் வலுவாக இருக்கக்கூடும். பேட்டரி வற்றும் நிலைக்கு வந்தால், வீடு எங்கே என்று பார்க்காமல் இருக்கும் இடத்திலேயே இறங்கிவிடும்.

எனவே முதலில் எதிர்காற்றில் அனுப்பி, காற்றோடு திரும்ப வைப்பதே நல்ல பழக்கம். மேட்டுச் சாலையில் நின்று பள்ளத்துக்குள் இறக்கினாலும், திரும்பி ஏறுவதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். பாதி பேட்டரி இருக்கும்போதே திருப்பிவிடுங்கள்.

விழுந்தால் என்ன ஆகும்?

டிரோன் தொலைந்தால் பணம் போகும். இந்த மலையில் போகக்கூடியது பணம் மட்டும் அல்ல. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் போன இளைஞர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டிரோனில் இருப்பது லித்தியம் பேட்டரி. மோதி நசுங்கினால் தீப்பற்றக்கூடியது. மாசி முதல் சித்திரை வரை சரிவுப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும் நாள்களில், அந்தப் புல்லின் மேல் பறக்காமல் இருப்பதே நாம் செய்யும் பெரிய உபகாரம். குரங்கணியில் மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அப்படி ஒரு மீட்புப் பணி நடக்கும்போது வானில் நம் டிரோன் இருக்கவே கூடாது.

காடு என்பது வனவிலங்குகளின் வீடும்கூட. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்து மிரண்டு திரிந்தபோது, அதைப் படம் பிடிக்க டிரோன் பறக்கவிட்டதும் சர்ச்சையானது. வனப்பகுதியில் பறக்கவிட வனத்துறையின் அனுமதி வேண்டும். எந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

முதல் முறை சமவெளியில்

டிரோன் தானாகத் திரும்புவதை ஆபத்து வேளையில்தான் முதல் முறையாகப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அது திடீரென மேலே ஏறுவதைக் கண்டு பதறி, தாறுமாறாக ரிமோட்டின் குச்சிகளை அசைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். போடியில் ஆளில்லாத ஒரு திறந்தவெளியில், காற்றில்லாத காலையில், 100 மீட்டர் தூரம் அனுப்பிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு ஏறுகிறது, எந்த வேகத்தில் வருகிறது, நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகட்டும். இறங்கும் இடத்தையும் கவனியுங்கள். கிளம்பிய இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி இறங்கக்கூடும். மைதானத்தில் அந்தச் சில மீட்டருக்கு மதிப்பில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் பேருந்து, மறுபக்கம் பள்ளம். அதனால் மலையில் கடைசிப் பத்து மீட்டரை நம் கையாலேயே இறக்க வேண்டும்.

இதையெல்லாம் கீழே பழகிக்கொண்டு மேலே போகிறவர், மெட்டில் நின்று முதலில் பார்ப்பது திரையை அல்ல, எதிரே நிற்கும் முகட்டை. டிரோனுக்குத் தெரியாத அந்த மலையை அதற்காகப் பார்த்து வைக்க வேண்டியவர் அவர்தான்.