வயிறு சொல்லும் சேதி – 17: ரத்தம் போகிறவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசியா?

பெருங்குடலில் புண் உண்டாக்கும் குடல் அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் முற்றிப்போய் ஒருவரை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை மலத்தோடு ரத்தம் போகிறது. சாயங்காலம் நர்ஸ் வந்து, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, தோலுக்கடியில் ஒரு ஊசி போடுகிறார். ஹெப்பாரின் வகை மருந்து. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

“ஏன் சிஸ்டர், ஏற்கெனவே ரத்தமாப் போயிட்டிருக்கு. இதுல இந்த ஊசி வேறயா?” என்று கூட இருப்பவர் பதறுவார். நியாயமான கேள்விதான்.

போன வாரம் குடல் அழற்சி நோய் மூட்டையும் கண்ணையும் தாக்குவதைப் பார்த்தோம். அது ரத்தக் குழாயையும் விடுவதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பார்கன், பார்க்கர் என்ற இரு மருத்துவர்கள் 1936-லேயே கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் உறைந்து குழாய்கள் அடைபடுவதைப் பதிவு செய்தார்கள். 2004-ல் வியன்னாவில் நடந்த ஆய்வில், மற்றவர்களைவிட இந்த நோயாளிகளுக்கு அந்த ஆபத்து 3 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. முடக்குவாதம், சீலியாக் நோய் உள்ளவர்களையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். அவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. 2010-ல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நோய் சீறும் நாட்களில் இந்த ஆபத்து சுமார் 8 மடங்கு.

காரணம் என்ன? குடலில் புண் கொதிக்கும்போது ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் அதிகமாகச் சுரக்கிறது. தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் காயப்படுகிறது. பேதியால் உடம்பில் நீர் வற்றுகிறது. நோயாளி படுத்த படுக்கை. போதாக்குறைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். குடலில் கசிவது புண்ணிலிருந்து வரும் ரத்தம். அதே நேரத்தில் காலின் ஆழ்சிரையில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான், உயிருக்கு ஆபத்தான அளவு ரத்தப்போக்கு இல்லாதவரை, வார்டில் சேரும் இந்த நோயாளிகளுக்குத் தடுப்பு ஊசி போடச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். இந்தக் குறைந்த அளவு மருந்தால் குடல் ரத்தப்போக்கு பெரிதாகக் கூடுவதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

வீட்டில் இருந்தபடியே சிகிச்சை எடுப்பவர்களுக்குப் பொதுவாக இந்த ஊசி தருவதில்லை. அவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். நோய் சீறும்போது படுத்தே கிடக்காதீர்கள். முடிந்தவரை எழுந்து நடங்கள். போகிற நீருக்கு ஈடாகக் குடியுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வார்டில் சேர்ந்த அன்றைக்கு அந்த ஊசி வரவில்லையா? “எனக்கு அது தேவையா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.

(தொடரும்)