புது பார்ட்ஸ் போட்டதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்!

ஐந்தாறு வருடம் உழைத்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். தூக்கிப்போட மனசு வராது. புதிது வாங்க பட்ஜெட்டும் இடம் கொடுக்காது. கூடுதலாக ஒரு ரேம், ஒரு எஸ்.எஸ்.டி, பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் இன்னும் சில வருடம் ஓட்டிவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-க்கு மாறுவதற்காகவும் பலர் பழைய கேபினெட்டைத் திறக்கிறார்கள்.

மூடியை மாட்டி, பட்டனை அழுத்தும்போதுதான் சோதனை ஆரம்பிக்கும். திரை கறுப்பாகவே நிற்கும். 'போர்டு போச்சு', 'எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடலாம்' என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள்.

பதற வேண்டாம். நேற்று வரை ஓடிய மெஷின், பார்ட்ஸ் மாற்றியதும் நின்றால், காரணம் பெரும்பாலும் அந்த மாற்றத்திலேயே இருக்கும். சரியாக உட்காராத கனெக்‌ஷன், பொருந்தாத பாகம், மாறிப்போன செட்டிங் ஆகியவையே வழக்கமான காரணங்கள். கல்யாண போட்டோக்களும் புராஜெக்ட் ஃபைல்களும் டிஸ்க்கில் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால்தான் அவை கைவிட்டுப் போகும்.

கை வைக்கும் முன்...

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ரேமைப் பாதிக்காமல் இருக்க இது உதவும். எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

முதல் வேலை: பழைய நிலைக்குத் திரும்புங்கள்

புதிதாகப் போட்டதைக் கழற்றி, பழையதை மாட்டி ஆன் செய்யுங்கள். ஓடினால் மெஷின் நன்றாக இருக்கிறது. சிக்கல் புதிய பாகத்திலோ, அதன் பொருத்தத்திலோதான். ஓடாவிட்டால், வேலை செய்யும்போது வேறு ஏதோ ஒயர் தளர்ந்திருக்கலாம். மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றியிருந்தால், ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்து பாருங்கள். எது போட்டதும் நிற்கிறதோ, அதுதான் காரணம்.

பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையா?

எஸ்.எம்.பி.எஸ்-ஸின் பின்பக்க ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் செருகும் 24 பின் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர் கழன்றிருந்தாலும் மெஷின் ஆன் ஆகாது. மதர்போர்டையே மாற்றியிருந்தால், அதன் அடியில் தேவையில்லாத இடத்தில் இருக்கும் ஸ்க்ரூ தாங்கி ஷார்ட் ஆக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லையா?

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகும் அது பழையபடி மதர்போர்டிலேயே செருகியிருக்கலாம். கார்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்து பவர். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்-ஸிலிருந்து தனி கேபிள் போக வேண்டும். பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கேபிளையும் சரிபாருங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஸின் வாட் அளவு புது கார்டுக்குப் போதுமா என்று பார்ப்பதும் அவசியம்.

ரேமைக் கழற்றி, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஒரே ஒரு ரேமோடு, ஸ்லாட் மாற்றியும் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால், பொதுவாக பிராசஸரிலிருந்து 2-வது, 4-வது ஸ்லாட்டுகள்தான் சரி. டி.டி.ஆர் 4 ஸ்லாட்டில் டி.டி.ஆர் 5 உட்காராது. அழுத்தித் திணிக்க வேண்டாம். டி.டி.ஆர் 5 ரேம் முதல் தடவை ஆன் ஆக சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பிராசஸரை மாற்றியிருந்தால், மதர்போர்டின் பயாஸ் பழையதாக இருக்கலாம். உதாரணமாக, பி450 சிப்செட் கொண்ட பழைய போர்டுகளில் ரைசன் 5000 வரிசை பிராசஸர் ஓட, பயாஸ் அப்டேட் தேவை. பழைய பிராசஸரை மாட்டி அப்டேட் செய்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாவிட்டால் படமே வராது.

பல போர்டுகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ, தேட வேண்டிய இடம் அதுதான்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லையா?

இது நல்ல அறிகுறி. ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். பழைய டிஸ்க்கின் பெயர் அங்கே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 எஸ்.எஸ்.டி போட்டதும் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். பெயர் இருந்தால், பூட் வரிசையில் விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

விண்டோஸ் 11-க்காக பயாஸில் சி.எஸ்.எம் என்ற வசதியை அணைத்தீர்களா? பழைய எம்.பி.ஆர் முறையில் உள்ள டிஸ்க் அதன் பிறகு பூட் ஆகாது. சி.எஸ்.எம்-மை மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் திரும்பி வரும். பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்க்கை ஜி.பி.டி முறைக்கு மாற்றிய பிறகு அணைத்துக்கொள்ளலாம். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால், அது பிட்லாக்கர். பிராசஸர், போர்டு, பயாஸ் ஆகியவற்றில் ஏதாவது மாறினால் இப்படிக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு, மொபைலிலேயே பார்க்கலாம். அந்த எண் இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது. எனவே, கேபினெட்டைத் திறக்கும் முன்பே அதை எழுதி வைப்பது நல்லது.

கடைக்குப் போனால்...

கருகிய வாடை வந்தாலோ, புகை வந்தாலோ மறுபடி ஆன் செய்து பார்க்காமல் கடைக்குக் கொண்டு போங்கள். என்ன மாற்றினீர்கள், எந்த விளக்கு எரிந்தது, எதையெல்லாம் சரிபார்த்தீர்கள் என்று சொன்னால் மெக்கானிக்கின் நேரமும் உங்கள் காசும் மிச்சம். 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்பதை வாயால் சொல்வதோடு விடாமல், ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.