முதலில் யாரிடம் கழுத்தைக் காட்டுவது?

"தம்பி, பின்னால வந்த கார் இடிச்சுப்போட்டுது. அண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை. அடுத்த நாள் காலமை எழும்பினால் கழுத்தைத் திருப்ப ஏலாமல் கிடக்கு. டொக்டரிட்டைப் போறதோ, கைரோவிட்டைப் போறதோ?"

ஸ்காபரோவில் தேத்தண்ணிக் கோப்பையோடு பேச உட்கார்ந்தால், பனிக்காலத்தில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்ட அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இரண்டு பேரிடமும் போகலாம். ஆனால் முதலில் டொக்டர், அதன் பிறகு கைரோபிராக்டர். ஒருவர் என்ன செய்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கழுத்துக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். பின்னாலிருந்து இடி விழும்போது இருக்கை உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் கழுத்தின் மேற்பகுதி ஒரு பக்கமும் கீழ்ப்பகுதி இன்னொரு பக்கமுமாக வளைகிறது. பிறகு தலை பின்னே போய் முன்னே வருகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தசைகள், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன மூட்டுகள் எல்லாம் இழுபட்டு நெரிகின்றன. வீக்கமும் இறுக்கமும் வர மணித்தியாலக் கணக்காகும். அதனால்தான் விபத்தன்று பொலிஸிடம் "எனக்கு ஒன்றுமில்லை" என்றவர் மறுநாள் கட்டிலிலிருந்து எழும்பச் சிரமப்படுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட காயங்களைக் கியூபெக்கில் கூடிய ஒரு நிபுணர் குழு 1995-இல் தரம் பிரித்து வைத்தது. அந்த மாகாணத்தின் வாகனக் காப்புறுதி நிறுவனமே அந்தக் குழுவை அமைத்தது. முறைப்பாடே இல்லாதவருக்குப் பூச்சியம். வலியும் விறைப்பும் மட்டும் இருந்தால் முதல் தரம். தொட்டால் நோவு, திருப்பினால் தடை என்று பரிசோதிப்பவரின் கைக்கும் தெரிந்தால் இரண்டாம் தரம். கை மரத்துப்போவது, பிடி தளர்வது போல நரம்பின் அறிகுறி வந்தால் மூன்றாம் தரம். எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் நான்கு. விபத்துக் கழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றிலும் இரண்டிலும்தான் அடங்கும். கைச் சிகிச்சைக்கு உரிய இடமும் அதுதான். மூன்றில் டொக்டர் சொல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. நான்கு சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை.

அக்காவின் கழுத்து எந்தத் தரம் என்று தேத்தண்ணி மேசையில் இருந்து சொல்ல முடியாது. கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அது கனடாவிலேயே உருவானது. பத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளில் 8,924 நோயாளிகளைப் பார்த்து 2001-இல் வெளியிட்ட கனேடியக் கழுத்தெலும்பு விதி அது. இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது.

அந்த விதி, முழு நினைவோடு பேசும் நோயாளியிடம் முதலில் மூன்று கேள்வி கேட்கிறது. வயது 65 அல்லது அதற்கு மேலா? விபத்து ஆபத்தான வகையா, அதாவது 100 கிலோமீற்றருக்கு மேல் வேகம், கார் உருண்டது, ஆள் வெளியே எறியப்பட்டது போன்றவையா? கை காலில் மரப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் படம் எடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு ஆபத்துக் குறைவா என்று அடுத்துப் பார்க்கிறார்கள். சாதாரணப் பின்பக்க இடியா, விபத்துக்குப் பிறகு எப்போதாவது நடந்தாரா, வலி உடனே வராமல் பிந்தி வந்ததா, கழுத்தின் நடுவெலும்பில் அழுத்தினால் நோவு இல்லையா என்பவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். பொருந்தினால் கடைசிச் சோதனை: கழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் 45 பாகை தானாகத் திருப்ப முடிகிறதா? முடிந்தால் படமே தேவையில்லை. முடியாவிட்டால் படம். இதை வீட்டில் நீங்களே செய்து பார்ப்பதற்காக எழுதவில்லை. டொக்டர் எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்பினால் "கவனிக்கவே இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

"கைரோவும் எக்ஸ்ரே எடுப்பினமே?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. ஒன்ராறியோவில் கைரோபிராக்டர் சட்டப்படி பதிவுபெற்ற தொழிலர். பரிசோதித்து நோயைக் கணிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் விபத்தில் அடிபடுவது கழுத்து மட்டுமல்ல. சீற் பெல்ற் இறுக்கிய வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். தலையில் அடியே படாமல் மூளை அதிர்ந்திருக்கலாம். இவற்றைப் பார்க்கச் சிரி ஸ்கான், இரத்தப் பரிசோதனை, சில நேரம் ஓரிரவு கண்காணிப்பும் தேவைப்படலாம். அந்த வசதி எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் உண்டு. முதலில் டொக்டர் என்று நான் சொல்வது இதனால்தான். கைரோவின் படிப்பைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். இனிக் கைரோ என்ன செய்வார்? எங்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஊரில் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவி, பத்துப்போட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். கைபட்டால் குணமாகும் என்ற நம்பிக்கை எங்களுக்குள் ஊறியது. கைரோவின் முறை வேறு. கட்டிலில் உங்களைப் படுக்கவைத்து, விறைத்த மூட்டை விரலால் தேடிப் பிடித்து, அதன் இயல்பான அசைவின் எல்லைவரை மெதுவாகக் கொண்டுபோவார். அந்த எல்லையில் மிகக் குறுகிய, மிக வேகமான ஒரு தள்ளு. 'டக்' என்று சத்தம் கேட்கும். பலர் அதை விலகிய எலும்பு திரும்பப் பூட்டிக்கொண்ட சத்தம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் சட்டென்று வாயு நிறைந்த ஒரு வெற்றிடம் தோன்றுகிறது. 2015-இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டைச் சொடுக்கவைத்து, அதை எம்ஆர்ஐ படத்தில் நேராகவே பிடித்துக் காட்டினார்கள். சத்தம் வந்தால்தான் குணம் என்றும் இல்லை. தள்ளாமல் மெல்ல அசைத்துக்கொடுக்கும் முறையும் உண்டு. தள்ளு வேண்டாம் என்றால் அதைக் கேட்டுப் பெறலாம்.

கழுத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விடமுடியாது. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாடிகள், மேலுள்ள ஆறு கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் புகுந்து மேலே ஏறுகின்றன. விபத்தின் அதிர்ச்சியிலேயே அந்த நாடியின் உட்சுவர் கிழியலாம். அது மூளைக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்துப் பக்கவாதத்தில் முடியலாம். ஆனால் முதலில் தெரிவது கழுத்துவலியும் தலையிடியும்தான். அதே வலியைக் காட்டித்தானே ஒருவர் கைரோவிடமும் போவார்? ஒன்ராறியோவில் 1993 முதல் 2002 வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த இவ்வகைப் பக்கவாத நோயாளிகள் 818 பேரை ஆராய்ந்து 2008-இல் வந்த ஆய்வு, கைரோவிடம் போனவர்களுக்கு மட்டுமல்ல, குடும்ப வைத்தியரிடம் போனவர்களுக்கும் பக்கவாதத்தோடு தொடர்பு தெரிகிறது என்றது. கிழிந்த நாடியின் வலியோடுதான் இருவரிடமும் போயிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தள்ளே கிழிசலை உண்டாக்கவோ கூட்டவோ முடியும் என்று வாதிடும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். இது மிக அரிது. ஆனாலும் தலைசுற்று, இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம், முன்பு அறியாத கடும் தலையிடி என்பவற்றில் ஒன்றிருந்தாலும் அன்று யாரும் கழுத்தைத் திருகக்கூடாது. 911-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள் இதைக் கைரோவிடம் வாய்திறந்து சொல்லியே ஆக வேண்டும்.

இந்தத் தகவல் ஏன் இரண்டு பக்கமும் தானாகப் போவதில்லை? பழைய பகை ஒரு காரணம். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கைரோபிராக்டிக் பிறந்தபோது, முள்ளந்தண்டைச் சரிசெய்தால் எல்லா நோயும் தீரும் என்பதே அதன் பேச்சு. அதை வைத்தியர்கள் எதிர்த்தது சரிதான். ஆனால் அமெரிக்க மருத்துவச் சங்கம் எதிர்ப்போடு நிற்காமல், கைரோக்களுடன் சேர்ந்து வேலைசெய்யவே கூடாது என்று தன் உறுப்பினர்களைத் தடுத்து வைத்தது. 1987-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. சுவர் விழுந்து பல காலமாகிவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

2015-இல் ஒன்ராறியோ அரசுக்காகத் தயாரான வாகனக் காய வழிகாட்டிக் குழுவில் வைத்தியர்கள், கைரோக்கள், பிசியோக்கள் எல்லாரும் இருந்தார்கள். புதிய கழுத்து நோவுக்கு அவர்கள் சொன்னது எளிமையானது: இது பெரும்பாலும் ஆறிவிடும் என்று நோயாளிக்கு விளக்குங்கள், அசையச் சொல்லுங்கள், வீட்டில் செய்யும் கழுத்துப் பயிற்சியைக் கற்பியுங்கள், தேவையானால் கைச் சிகிச்சையைச் சேருங்கள். கழுத்துப் பட்டி வேண்டாம். கிளினிக்கில் படுக்கவைத்துச் சூட்டுப் பொதி போடுவதும் மின்சார மெசினில் பூட்டுவதும் வேண்டாம். இரு தரப்பும் சேர்வதன் பயன் இங்கேதான் தெரிகிறது. டொக்டர் தரும் வலிமாத்திரை நோவைக் குறைக்கும். நோவு குறைந்த அந்த நேரத்தில் கைரோ மூட்டை அசையவைப்பார். அசையும் மூட்டைப் பயிற்சியால் அசையவே வைத்திருப்பது நீங்கள். மூன்றாவது ஆள் வேலை செய்யாவிட்டால் முதல் இருவரின் வேலையும் வீண். மாத்திரை போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருந்தால் கழுத்து இன்னும் விறைக்கும்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கொடுக்கும். கைரோவுக்குக் கொடுப்பதை அது 2004-இல் நிறுத்திவிட்டது. விபத்து என்றால் பிழை யாருடையதாக இருந்தாலும் வாகனக் காப்புறுதி சிகிச்சைக்குக் கொடுக்கும். வேலையிடத்து மருத்துவக் காப்புறுதியும் இருந்தால், எது முதலில் கொடுக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். விண்ணப்பம் கைக்கு வந்தால் முப்பது நாளுக்குள் நிரப்பி அனுப்புங்கள். சிறு காயம் என்று வகைப்படுத்தினால் சிகிச்சைக்கான எல்லை 3,500 டொலர். அதைச் சூட்டுப் பொதியிலும் உருவலிலும் சில கிழமையில் கரைத்துவிட்டால், உண்மையில் பயிற்சி தேவைப்படும் நேரத்தில் கையில் எதுவும் மிஞ்சாது. நரம்பு அறிகுறியோ வேறு பெரிய காயமோ உண்டென்று டொக்டரின் பதிவு காட்டினால் அந்த எல்லைக்கு வெளியே போக வழியுண்டு. டொக்டரிடம் முதலில் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று: போகாத நாளுக்கும் பெறாத சிகிச்சைக்கும் கையெழுத்துப் போடச் சொன்னால், வெற்றுப் படிவத்தை நீட்டினால், எழும்பி வாருங்கள். அது உங்கள் பணம், உங்கள் பெயர்.

"எத்தினை தரம் போகவேணும்?" என்று கடைசியாகக் கேட்டார் அக்கா. எண்ணிக்கையை முன்கூட்டியே விற்பவரை நம்பவேண்டாம். சில கிழமைக்குள் கழுத்து முன்பைவிடத் திரும்புகிறதா, நித்திரை கூடியிருக்கிறதா, கார் ரிவேர்ஸ் எடுக்கப் பின்னால் பார்க்க முடிகிறதா? ஆம் என்றால் தொடருங்கள். மாற்றமே இல்லை என்றால் அதே சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் டொக்டரிடம் திரும்பிப் போங்கள். பலர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். சிலருக்கு ஒரு வருடம் கழிந்தும் வலி இழுக்கும். அவர்களுக்கு நித்திரையையும் மனச்சோர்வையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை வேண்டும்.

இந்தக் கிழமை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைரோவின் மேசையில், "என் குடும்ப வைத்தியருக்கு உங்கள் அறிக்கையை அனுப்புங்கள்" என்று சொல்லிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். டொக்டரிடம் கைரோவின் பெயரையும் அவர் கழுத்தில் என்ன செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள். யாராவது ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டாம் என்றால், அவரை மாற்றிவிடுங்கள்.