இரவு வேலைக்காரனை விரட்டாதீர்கள்

சென்ற மாதம் ஒருநாள் இரவு நம் சங்க அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். "சார், பழைய ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் செய்து இன்றைக்குத்தான் மேக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஃபோட்டோஸை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. விசிறி ஓடுகிற சத்தம் கூடத்துக்கே கேட்கிறது. யாரோ உள்ளே புகுந்து வேலை செய்கிறான். ஆளையும் பிடித்துவிட்டேன், தீர்த்துக்கட்டி விடட்டுமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். இந்த விஷயத்தில் அவசரப்பட்டு நஷ்டப்பட்டவன் நான். அந்த அனுபவம் மற்றவர்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது யார்?

ஆக்டிவிட்டி மானிட்டர் என்ற பகுதியைத் திறந்தால், கம்ப்யூட்டருக்குள் அந்த நேரத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அதில் அன்பர் கண்ட பெயர் 'ஃபோட்டோஅனாலிசிஸ்டி'. கடைசியில் நிற்கும் 'டி' என்ற எழுத்து, டீமன் என்ற சொல்லின் முதலெழுத்து. பயப்பட வேண்டாம். நாம் கூப்பிடாமலே பின்னணியில் தானாக இயங்கும் வேலைக்கு அந்தத் துறையில் வைத்திருக்கும் பெயர் அது. வெளியாள் அல்ல, கம்ப்யூட்டரோடு வந்த வீட்டு வேலைக்காரன்தான்.

அவன் செய்வது இதுதான். ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்க்கிறான். முகம் எங்கே இருக்கிறது என்று தேடி, அதன் சாயலை எண்களாகக் குறித்துக் கொள்கிறான். எண்கள் நெருங்கி இருக்கும் முகங்களை ஒரே ஆள் என்று சேர்த்து வைக்கிறான். கடற்கரை, கோயில், நாய்க்குட்டி என்று காட்சிகளையும் குறித்துக் கொள்கிறான். இந்த வசதி 2016-இல் வந்த சியரா பதிப்பு முதல் மேக்கில் இருக்கிறது. முகம் பார்க்கும் வேலை நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது.

நேரம் பார்த்துத்தான் வருவான். மின் இணைப்பு இருக்க வேண்டும், ஃபோட்டோஸ் மூடியிருக்க வேண்டும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டவாளத்தைப் பிரிக்க முடியுமா? அதற்காகத்தான் நாங்கள் லைன் பிளாக் வாங்கி, வண்டி வராத நேரத்தில் கேங்மேன்களை இறக்குவோம். இதுவும் அதே ஏற்பாடு. நாம் சாப்பிடப் போகும் நேரம் அவனுக்கு லைன் பிளாக்.

சி.பி.யு. கணக்கு 100 சதவீதத்தைத் தாண்டியிருப்பதைக் கண்டும் அன்பர் மிரண்டிருந்தார். அங்கே 100 என்பது ஒரு கோருக்கு உரிய கணக்கு. எட்டு கோர் உள்ள இயந்திரத்தில் 300 என்று காட்டினாலும் அதிசயமில்லை. ஆயிரக்கணக்கில் படம் ஏற்றினால் இந்த வேலை சில நாட்கள் நீடிக்கலாம்.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் எனக்கும் இதே சூடு, இதே சத்தம். வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். சற்று நேரத்தில் திரும்ப வந்துவிட்டான். கோபம் வந்தது. ஃபோட்டோஸ் லைப்ரரி வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோப்பு போலத் தெரியும். உண்மையில் அது பல அறைகள் கொண்ட வீடு. அதைத் திறந்து உள்ளே போய், தரவுத்தளம் இருந்த அறையையே குப்பையில் போட்டு, குப்பையையும் காலி செய்தேன். அட்டவணைதானே, திரும்பத் தானே போட்டுக்கொள்ளும் என்று நினைத்தேன்.

படங்கள் பத்திரமாக இருந்தன, அவை வேறு அறையில் இருப்பவை. ஆனால் ஆல்பங்கள் போயின. முகங்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களும் போயின. முகத்தை இயந்திரம் மறுபடி கண்டுபிடிக்கும். அது யாருடைய முகம் என்பது அதற்குத் தெரியாது.

வேறு டிஸ்க்கில் ஒரு வாரத்துக்கு முந்தைய பிரதி இருந்ததால் பெரும்பகுதியை மீட்டேன். மீளாதது அந்தக் கடைசி வாரத்து வேலை. ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாத்தா காலத்துக் கல்யாணப் படத்தில் இருந்த இருபத்தேழு பேருக்கு அந்த வாரம்தான் பெயர் கேட்டுப் பதிந்திருந்தேன். அடுத்த வருடம் ஊருக்குப் போனபோது படத்தைக் காட்டி மறுபடி கேட்டேன். அத்தைக்கு ஒன்பது பேரைத்தான் சொல்ல முடிந்தது.

செய்ய வேண்டியவை

1. வேலையை முடிக்க விடுங்கள். இரவில் மின் இணைப்பைக் கொடுத்து, ஃபோட்டோஸை மூடி, கம்ப்யூட்டரைத் தூங்கவிடாமல் வையுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள், காற்று போக வழி வேண்டும்.

2. அவசர வேலை இருந்தால் ஃபோட்டோஸைத் திறந்து வையுங்கள், அவன் பொதுவாக ஒதுங்கிக் கொள்வான். மின் இணைப்பை எடுத்துவிட்டு பாட்டரியில் ஓட்டினாலும் அப்படித்தான். வலுக்கட்டாயமாக நிறுத்துவதில் லாபமில்லை.

3. லைப்ரரிக்கு உள்ளே கை வைக்காதீர்கள். எதை நீக்குவதானாலும் ஃபோட்டோஸ் வழியாகவே நீக்குங்கள்.

4. லைப்ரரி வெளி டிஸ்க்கில் இருந்தால், முறைப்படி எஜெக்ட் செய்யாமல் ஒயரைப் பிடுங்கக் கூடாது. டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது என்று மறுத்தால் காத்திருங்கள், அல்லது கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

5. டைம் மெஷின் மூலமாகவோ, ஃபோட்டோஸை மூடிவிட்டு லைப்ரரியை முழுதாக நகல் எடுத்தோ, வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். ஐகிளவுட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும். சமீபத்தில் நீக்கியவை என்ற பகுதியில் 30 நாட்கள் இருக்கும், பிறகு போய்விடும்.

6. புதுப் படம் எதுவும் ஏற்றாமலே வாரக்கணக்கில் சூடு தணியவில்லை என்றால்தான் பழுது என்று சந்தேகிக்க வேண்டும். டிஸ்க்கில் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, ஆப்ஷன், கமாண்ட் இரண்டு விசைகளையும் அழுத்திப் பிடித்தபடி ஃபோட்டோஸைத் திறங்கள். லைப்ரரியைப் பழுது பார்க்கட்டுமா என்று கேட்கும். சம்மதம் கொடுத்துவிட்டு, முடியும் வரை குறுக்கிடாதீர்கள்.

பெயரை எங்கே எழுதுவது?

முகத்துக்கு நாம் வைக்கும் பெயர் லைப்ரரியின் தரவுத்தளத்தில் இருக்கிறது. படத்தோடு ஒட்டி இருப்பதில்லை. படத்தை வெளியே எடுத்து மகளுக்கு அனுப்பினால் பெயர் கூடப் போகாது. ஆகவே முக்கியமான படங்களுக்குக் கேப்ஷன் என்ற இடத்தில் வரிசைப்படி பெயர்களை எழுதுங்கள். 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று அந்தக் காலத்து குரூப் போட்டோவின் கீழே எழுதுவார்களே, அப்படி. படத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது தலைப்பு, கேப்ஷன் ஆகியவற்றையும் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்தால், அந்த எழுத்து பிரதியோடு போகும். ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

அன்பரின் கம்ப்யூட்டர் நாலாம் நாள் தானாகவே குளிர்ந்துவிட்டது. அவருடைய அம்மாவின் முகத்தை மட்டும் அது இரண்டு ஆளாகப் பிரித்து வைத்திருந்ததாம், பதினெட்டு வயதில் ஒருத்தி, எழுபதில் ஒருத்தி. இருவரும் ஒருவரே என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

இயந்திரம் தன் வேலையைச் செய்து முடிக்கும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர் கேட்டு எழுதும் வேலை நம்முடையது. அதை இந்த விடுமுறையிலேயே செய்துவிடுங்கள்.