ஒரு மலை, பல வழிகள்

நுழையும்முன்

பரிசில் பெற்று மீண்டவர், பெறாதவருக்கு வழிகாட்டும் முறையில் அமைந்தவை ஆற்றுப்படை நூல்கள். எங்குச் செல்வது என்பதோடு, எவ்வழியே செல்வது, வழியில் எதிர்ப்படும் இடர்கள் யாவை என்பனவற்றையும் அவை எடுத்துரைத்தன. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் மலைவழிப் பயணத்தின் அருமையை விரிவாகப் பேசுகிறது. வழியறிந்து செல்வது பயணிக்கு நன்மை. வழியைக் கெடுக்காமல் செல்வது அவ்வழியில் வாழ்வோர்க்கு நன்மை. பழனிமலைத் தொடரை நாடிச் செல்லும் இன்றைய பயணங்களை இந்த இரு நோக்கிலும் ஆராய்கிறது இக்கட்டுரை.

அடிவாரத்து ஊர்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில், பழனிக்குச் சற்று முன்னர் அமைந்துள்ள ஊர் ஆயக்குடி. முற்காலத்தில் பாளையமாக விளங்கிய இவ்வூர், இன்று கொய்யாவுக்குப் பெயர் பெற்றது. ஊருக்குத் தெற்கே பழனிமலைத் தொடர் நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் மேற்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது.

இப்பகுதிச் சாலைகள் ஆண்டுதோறும் இரு பெருங்கூட்டங்களைக் காண்கின்றன. தைப்பூசத்தை ஒட்டியும் பங்குனி உத்திரத்தை ஒட்டியும் பழனி நோக்கிப் பாதயாத்திரையாக வரும் அடியவர் கூட்டம் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் குளிர்ச்சி நாடி மலையேறும் சுற்றுலாப் பயணியர் கூட்டம் மற்றொன்று. முன்னது காலால் நடக்கிறது. பின்னது பெரும்பாலும் மகிழுந்தில் விரைகிறது. இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே, விளைந்த பழத்தை வாடுமுன் சந்தையில் சேர்க்க வேண்டிய உழவரும், கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், மருத்துவமனைக்கு விரையும் நோயாளியும் அதே சாலைகளைத்தான் நம்பி வாழ்கின்றனர்.

தோளில் தொடங்கிய பயணம்

கொடைக்கானலில் 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதப்பணியாளர்கள் குடியிருப்புகளை அமைத்தனர். அக்காலத்தில் மலைமேல் செல்லச் சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்து அடிவாரம்வரை மாட்டுவண்டியில் வந்து, அதன்பின் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மட்டக்குதிரை மீதோ, சுமையாட்கள் தூக்கிச் சென்ற நாற்காலியிலோ, பல்லக்கிலோ ஏறிச் சென்றனர். மலைமேல் இன்று நாம் காணும் பழைய கட்டடங்களுக்குரிய பொருள்களில் பல மனிதத் தோள்களும் விலங்குகளின் முதுகும் சுமந்து சென்றவையே. அவற்றைச் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே 1875இல் இருப்புப்பாதை அமைந்தபின், அம்மையநாயக்கனூரில் உள்ள நிலையம் கொடைக்கானலுக்குரிய நிலையமாயிற்று. 'கொடைக்கானல் ரோடு' என்பது அதன் பெயர். பெயரில் கொடைக்கானல் இருந்தாலும், அங்கு இறங்கியவர் மலைநகரை அடைய இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்ல வேண்டும். வத்தலக்குண்டு வழியாக மலையேறும் சாலைக்குரிய தடத்தை 1870களில் மேஜர் லா என்பவர் வகுத்தார். ஆயினும் அச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் ஊர்திகள் செல்லும் அளவுக்கு நிறைவுற்றது.

சாலை ஏன் வளைகிறது?

பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான உயர வேறுபாடோ ஏறத்தாழ 1,800 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக 35 மீட்டர் தொலைவு செல்லும்போது சாலை ஒரு மீட்டர் உயர்கிறது. நேராக ஏறினால் தொலைவு குறையும். ஆனால் சரிவு மிகுந்து ஊர்திகளால் ஏற இயலாது. எனவே மலையின் மேனியைச் சுற்றியும், கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பியும் சாலை நீள்கிறது. தொலைவைக் கூட்டிச் சரிவைக் குறைப்பதே மலைச்சாலை அமைப்பின் அடிப்படை.

இதனை அறிந்தால் மலைச்சாலை விதிகளின் பொருளும் விளங்கும். இறங்கும்போது தடையை மட்டுமே தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிச் செயலிழக்கக்கூடும்; ஆகவே குறைந்த கியரில் இறங்க வேண்டும். ஏறிவரும் ஊர்தி நடுவழியில் நின்றால் மீண்டும் புறப்படுவது கடினம். ஆகவே இறங்கும் ஊர்தி ஒதுங்கி அதற்கு வழிவிட வேண்டும்.

இன்றுள்ள வழிகள்

பழனி வழி, வத்தலக்குண்டு வழி ஆகிய இரண்டும் கொடைக்கானலுக்குரிய முதன்மைச் சாலைகள். இவையிரண்டும் பெருமாள்மலை என்னுமிடத்தில் இணைந்து ஒரே சாலையாகக் கொடைக்கானலை அடைகின்றன. பெரியகுளம் பகுதியிலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் மூன்றாவது சாலையும் உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் மரங்களைச் சாய்த்து மலைச்சாலைகளைத் துண்டித்தபோது, ஒரு மலைக்குப் பல வழிகள் வேண்டியதன் தேவை நன்கு உணரப்பட்டது.

மலையடிவாரம்வரை தொடர்வண்டியில் வரலாம். திண்டுக்கல்லிலிருந்து பொள்ளாச்சி செல்லும் அகல இருப்புப்பாதையில் பழனி நிலையம் உள்ளது. அங்கிருந்து அரசுப் பேருந்துகள் மலையேறுகின்றன. வாடகை ஊர்தியும் சொந்த மகிழுந்தும் பிற வாய்ப்புகள். வெள்ளகவி போன்ற மலையூர்களின் மக்களுக்கோ நெடுங்காலம் நடைபாதையும் பொதி சுமக்கும் குதிரையுமே போக்குவரத்தாக இருந்தன.

சாலையின் கொள்ளளவு

பாத்திரத்திற்குக் கொள்ளளவு இருப்பதுபோல் சாலைக்கும் உண்டு. கோடை விடுமுறையில் ஊர்திகள் அளவின்றிக் குவிந்து நெரிசல் முற்றியதால், சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. அதன் ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் எனப்படும் மின் அனுமதிச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதி நாள்களில் 6,000 சுற்றுலா ஊர்திகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துகள், உள்ளூர் மக்களின் ஊர்திகள், வேளாண் விளைபொருள் ஏற்றிவரும் ஊர்திகள் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

நாலாயிரம் என்பது சிறிய எண்ணன்று. ஒரு மகிழுந்தின் நீளம் நான்கு மீட்டர் எனக் கொண்டால், நாலாயிரம் மகிழுந்துகளை இடைவெளியின்றி நிறுத்த 16 கிலோமீட்டர் சாலை வேண்டும். கொடைக்கானலில் தொடங்கும் அவ்வரிசை பெருமாள்மலையையும் தாண்டிச் செல்லும். அதே சாலையில்தான் அவசர ஊர்தியும் செல்ல வேண்டும். மலைமேல் இருந்து உயர்சிகிச்சைக்காகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்பப்படும் ஒருவருக்கு, நெரிசலில் கழியும் ஒரு மணி நேரம் உயிரின் விலையாகக்கூடும்.

ஐம்பது பேர் ஒரு பேருந்தில் செல்லலாம். அவர்களே நால்வர் வீதம் மகிழுந்துகளில் சென்றால் பதின்மூன்று மகிழுந்துகள் தேவைப்படும். ஆகவே ஊர்திகளைக் குறைப்பது மனிதர்களைக் குறைப்பது ஆகாது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. விடுதி நடத்துவோர், வாடகை ஊர்தி ஓட்டுநர், சாலையோரத்தில் பழம் விற்போர் ஆகியோர்க்கு அந்த இரண்டு மாத வருவாய்தான் ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். மாற்று வழியை ஏற்படுத்தாமல் வரம்பை மட்டும் விதித்தால், அதன் சுமை எளியவர் தோளில்தான் இறங்கும்.

பிற இடங்கள் கண்ட தீர்வுகள்

மலைத்தலங்கள் பலவும் இச்சிக்கலைத் தத்தமக்கேற்ற முறையில் எதிர்கொண்டுள்ளன. உதகைக்கு 1908ஆம் ஆண்டிலேயே பற்சக்கர மலை இருப்புப்பாதை அமைந்தது. திருமலையில் ஏறுவதற்கு ஒரு சாலையும் இறங்குவதற்கு ஒரு சாலையும் உள்ளன; எதிரெதிரே ஊர்திகள் சந்திக்கும் இடர் அங்கு இல்லை. சபரிமலைக்குச் செல்வோர் கூட்டம் மிகும் காலங்களில் நிலக்கல்லில் ஊர்திகளை நிறுத்திவிட்டு, கேரள அரசுப் பேருந்துகளில் பம்பையை அடைகின்றனர். மகாராட்டிரத்தின் மாதேரான் மலைநகருக்குள் மகிழுந்துகளுக்கு இடமில்லை. சுவிட்சர்லாந்தின் செர்மாட் நகருக்குச் செல்வோர், ஐந்து கிலோமீட்டர் முன்னதாகவே உள்ள டேஷ் என்னும் ஊரில் மகிழுந்தை விட்டுத் தொடர்வண்டியில் ஏறுகின்றனர்.

இவற்றின் பொதுக்கூறு ஒன்றே: சொந்த ஊர்தி அடிவாரத்தில் நிற்கிறது, பொது ஊர்தி மலையேறுகிறது. பழனி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களில் நிறுத்துமிடங்களை அமைத்து, அங்கிருந்து போதிய எண்ணிக்கையில் பேருந்துகளையும், மலைமேல் இடங்களைச் சுற்றிக் காட்டச் சிற்றுந்துகளையும் இயக்கினால், கொடைக்கானலுக்கும் இம்முறை பொருந்தும். அடிவாரத்தில் பயணியர் இறங்கித் தங்குவதால், ஆயக்குடிக் கொய்யாவும் விருப்பாட்சி மலை வாழைப்பழமும் அவர்கள் கைக்குச் சென்று சேரும். உள்ளூர் ஓட்டுநர்க்கும் வேலை கிடைக்கும்.

குன்றம் கற்பிக்கும் பாடம்

இத்தீர்வுக்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. பழனிக் குன்றின் மேலுள்ள கோயிலுக்குச் செல்லப் படிப்பாதை உண்டு. படியேற இயலாதவர்க்குச் சரிவான யானைப்பாதை உண்டு. 1966 முதல் விஞ்ச் எனப்படும் இழுவை ஊர்தியும், 2004 முதல் ரோப் கார் எனப்படும் கம்பிவட ஊர்தியும் இயங்குகின்றன. வலியவர், முதியவர், குழந்தையுடன் வருபவர் என ஒவ்வொருவர்க்கும் ஏற்ற வழி அங்கே இருக்கிறது. எவரும் தம் ஊர்தியை உச்சிவரை ஓட்டிச் செல்வதில்லை. அதனால் எவருடைய காட்சியும் குறைந்துபோகவில்லை.

சாலை என்பது பொதுச்சொத்து. அதில் விருந்தினராகச் செல்பவர்க்கு உரிமை உண்டு. அங்கு வாழ்பவர்க்கு அதைவிட ஒரு படி முன்னுரிமை உண்டு. எந்த ஊர்தியில் ஏறுகிறோம் என்னும் நம் சிறு முடிவு, நாம் அறியாத ஒருவர் மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைவாரா என்பதையும் தீர்மானிக்கக்கூடும். மலைக்கு வழி கேட்போர் இதனையும் சேர்த்துக் கேட்டறிதல் நன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் திருவிழா அல்லது சுற்றுலாக் காலங்களில் ஏற்படும் போக்குவரத்து நெரிசலையும் அதனால் பாதிக்கப்படுவோரையும் பட்டியலிடுக.

2. 'மலைநகருக்குள் சொந்த ஊர்திகளைத் தடை செய்யலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. விடுதி உரிமையாளர், ஓட்டுநர், உழவர், பயணி ஆகியோரின் நிலையில் நின்று பேசுக.

3. உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்குப் பொதுப் போக்குவரத்தில் மட்டுமே சென்று திரும்பும் பயணத்திட்டம் ஒன்றைத் தயாரிக்க.